கண்ணு உள்ள போயிடுச்சு டாக்டர், எல்லாரும் சுகரான்னு கேக்குறாங்க

வாசகி கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 44 வயசு, திருச்சி பக்கம். உயரம் 157 செ.மீ, 82 கிலோ இருந்தேன். முட்டி வலி, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், அதனால டயட் ஆரம்பிச்சு நாலு மாசத்துல 63 கிலோவுக்கு வந்துட்டேன். ஊசி, மாத்திரை எதுவும் எடுக்கல. காலையில கிரீன் டீ, மதியம் ஒரு கப் ஓட்ஸ் கஞ்சி இல்லன்னா சாலட், சாயங்காலம் ஆறு மணிக்கு பழம், அதோட சரி. தினம் ஒரு மணி நேரம் வாக்கிங். உடம்பு லேசா இருக்கு, முட்டி வலியும் குறைஞ்சிருக்கு. ஆனா முகம் போயிடுச்சு. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுச்சு, கீழ கருப்பு, கன்னம் ஒட்டிப்போச்சு, கண்ணாடி கூட மூக்குல நிக்காம வழுக்குது. நாத்தனார் பொண்ணு கல்யாணத்துல பாத்தவங்க எல்லாம் சுகரா, என்ன வியாதின்னு கேட்டுட்டாங்க. எங்க அம்மா கேன்சர்ல போனவங்க. கடைசி ஆறு மாசம் அவங்க முகம் எப்படி இருந்துச்சோ அதுதான் இப்ப கண்ணாடியில எனக்கு தெரியுது. பார்லர்ல கண்ணுக்கு கீழ ஃபில்லர்னு பள்ளத்தை நிரப்புற ஊசி போட்டா சரியாயிடும்ங்குறாங்க. வீட்டுக்காரர் பழையபடி சாப்பிடுங்குறார். கண்ணுல ஏதாவது கோளாறா? நான் என்ன பண்றது?

பதில்:

சகோதரி, நீங்க போற போக்குல சொல்லிட்டு தாண்டிப் போன அம்மா விஷயத்தைத்தான் நான் முதல்ல எடுக்கப்போறேன், ஏன்னா உங்களை ராத்திரி தூங்கவிடாம பண்றது கண்ணுக்கு கீழ இருக்குற கருப்பு இல்ல, அந்த நினைப்புதான்னு எனக்கு தோணுது. கண்ணு இமை, கண்ணைச் சுத்தி இருக்குற பகுதிதான் என் வேலை, இருபது வருஷத்துக்கு மேல அதையே பாத்துட்டு இருக்கேன், அதனால ஒண்ணு சொல்றேன். முகத்துல சதை குறையும்போது வெளியில தெரியுறது எலும்பு. கண்குழியோட வட்டம், கன்ன எலும்போட மேடு, புருவத்துக்கு அடியில இருக்குற விளிம்பு, இதெல்லாம் நமக்கு அப்பா அம்மா குடுத்த அமைப்பு. 82 கிலோவுல அது மேல மெத்தை போட்ட மாதிரி சதை மூடியிருந்துச்சு, இப்ப மெத்தை மெலிஞ்சதும் உள்ள இருந்த உங்க அம்மாவோட எலும்பு தெரியுது. நீங்க அவங்க முகத்தை கடைசியா மெலிஞ்ச நிலையில பாத்து மனசுல வச்சிருக்கீங்க, அதனால மெலிஞ்ச உங்க முகத்தை பாத்ததும் அந்த வியாதி ஞாபகம் வருது. அங்க ஒத்துப்போறது எலும்பு, வியாதி இல்ல. அவங்களுக்கு எடை தானா இறங்கியிருக்கும், பசி போயிருக்கும், தெம்பு போயிருக்கும். நீங்க எடையை நீங்களா இறக்கியிருக்கீங்க, தினம் ஒரு மணி நேரம் நடக்குறீங்க, முட்டி வலி குறைஞ்சிருக்கு. இது ரெண்டும் ஒண்ணு கிடையாது. ஆனா வெறும் வாய் வார்த்தையா இதை சொல்லி உங்களை அனுப்பி வைக்க எனக்கு மனசில்ல, என்னென்ன டெஸ்ட் பாக்கணும்னு கீழ சொல்றேன், பாத்துட்டீங்கன்னா உங்களுக்கே நிம்மதி.

முதல்ல முகத்துல என்ன நடந்திருக்குன்னு புரிஞ்சுக்கலாம். முகத்துல இருக்குற கொழுப்பு ஒரே விரிப்பா பரவி இருக்குன்னுதான் ரொம்ப காலம் நினைச்சிட்டு இருந்தோம், 2007-ல ரோரிச், பெஸ்ஸான்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் அது அப்படி இல்ல, சின்னச் சின்ன பைகளா தனித்தனியா பிரிஞ்சு இருக்குன்னு தெளிவா காட்டினாங்க. கண்ணோரத்துக்கும் காதுக்கும் நடுவுல இருக்குற நெத்திப்பொட்டுல ஒண்ணு, கண்ணுக்கு கீழ ஒண்ணு, மூக்கை ஒட்டி ஒண்ணு, கன்னத்துல மேலயும் ஆழத்துலயுமா சிலது, இப்படி. ஒரு பை சுருங்குற அளவுக்கு பக்கத்து பை சுருங்காது, அதனாலதான் எடை குறைஞ்சா முகம் மொத்தமா ஒரே சீரா சின்னதாகாம அங்கங்க பள்ளமும் மேடும் விழுது. கீழ் இமை முடிஞ்சு கன்னம் ஆரம்பிக்குற இடத்துல, மூக்குப் பக்கத்துலருந்து சாய்வா ஒரு கோடு போகும் பாருங்க, கண்ணீர் வழியுற பாதை மாதிரி இருக்கும், டியர் ட்ரஃப்னு சொல்லுவோம். கன்னம் கொழுகொழுன்னு இருந்தப்ப அந்த கோடு தெரியல, கன்னத்து கொழுப்பு கீழ இறங்கினதும் வாய்க்கால் மாதிரி தெரியுது. இமைத் தோல் உடம்புலயே மெல்லிசான தோல், அரை மில்லிமீட்டர் கூட தேறாது, அதுக்கு அடியில கொழுப்பே கிட்டத்தட்ட கிடையாது, நேரா தசைதான். அந்த தசையோட நிறமும் ரத்த நாளத்தோட நிறமும் தோல் வழியா லேசா ஊதாவா தெரியும். பக்கத்துல பள்ளமும் விழுந்துட்டா அந்த பள்ளத்தோட நிழலும் சேர்ந்து கருப்பா காட்டும்.

ஆக உங்க கண்ணு உள்ள போகல. பெரியவங்க கண்ணு முன்னருந்து பின்ன வரைக்கும் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர், 82 கிலோவுலயும் அதுதான் 63 கிலோவுலயும் அதுதான். கண்ணுக்கு பின்னாடி எலும்புக் குழிக்குள்ள அது உக்கார ஒரு கொழுப்பு மெத்தை இருக்கு, அதை உடம்பு அவ்வளவு சுலபத்துல எடுத்து செலவு பண்ணாது, வயித்துக் கொழுப்பு கரையுற மாதிரி அது கரையாது. கடுமையான பட்டினியிலயும் நாள்பட்ட பெரிய வியாதியிலயும்தான் அதுல கை வைக்கும். சுத்தி இருந்த மேடு இறங்கினதால கண்ணு பள்ளத்துல இருக்குற மாதிரி தெரியுது. சில பேருக்கு இதே காரணத்தால கண்ணு பெருசானா மாதிரியும் தெரியும், மேல் இமையில இருந்த வீக்கம் வடிஞ்சு மடிப்பு நல்லா தெரிய ஆரம்பிச்சிடும், அவங்க சந்தோஷமா வந்து சொல்லுவாங்க, ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

பட்டினின்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு, உங்களுக்கு அது தெரியணும். ரெண்டாம் உலகப்போர் முடியுற நேரம், 1944, 45-ல அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்ங்குற விஞ்ஞானி, தானா முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டு பாத்தார், போருல பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மறுபடி சாப்பாடு குடுத்து தேத்தணும்னு தெரிஞ்சுக்கத்தான். அவங்க எடையில ஏறக்குறைய கால் பங்கு போச்சு. கண்ணு பள்ளத்துக்கு போச்சு, கன்னம் ஒட்டிச்சு, அதோட ஒரு விசித்திரம், கண்ணோட வெள்ளைப் பகுதி ரத்த நாளமே தெரியாம பீங்கான் மாதிரி வெளுத்துப்போச்சு. இதை எதுக்கு சொல்றேன்னா, 82-ல 19 போயிருக்கு, அதாவது நீங்களும் உங்க எடையில கால் பங்குக்கு கொஞ்சம் கம்மியா இழந்திருக்கீங்க, அதுவும் அவங்களை விட ரெண்டு மாசம் முன்னாடியே. ஆனா அவங்க ஏற்கனவே அளவான எடையில இருந்த பசங்க, இழக்க ஒண்ணுமில்லாம இழந்தாங்க. உங்ககிட்ட இறக்க வேண்டிய எடை நிஜமாவே இருந்துச்சு, அதனால நீங்க எடை குறைச்சது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். நீங்க சாப்பிட்ட விதம் மட்டும்தான் எனக்கு பிடிக்கல, அதுக்கு வரேன்.

இப்ப வீட்டுல நீங்களே ஒரு சின்ன சோதனை பண்ணிப்பாருங்க, நான் ரூம்ல பண்றதும் இதேதான். ராத்திரி ஒரு சின்ன லைட் மட்டும் போட்டுட்டு கண்ணாடி முன்னாடி நில்லுங்க. ஃபோன் டார்ச்சை தலைக்கு மேல பிடிச்சு கீழ பாத்து அடிங்க, கண்ணுக்கு கீழ கருப்பு பயங்கரமா தெரியும். அப்புறம் டார்ச்சை நாடிக்கு கீழ கொண்டுவந்து கீழருந்து மேல அடிங்க, கண்ணுக்குள்ள நேரா படாம பாத்துக்கோங்க. கருப்பு பெரும்பாலும் காணாம போச்சுன்னா அது நிழல், பள்ளத்தால வர்றது. போகாம அப்படியே இருந்துச்சுன்னா விரல் நுனியால கீழ் இமைத் தோலை மெல்ல பக்கவாட்டுல இழுத்துப்பாருங்க. இழுத்தும் பழுப்பு நிறம் அப்படியே இருந்தா அது தோல்லயே ஏறின கருமை, நம்ம ஊர் நிறத்துக்கு இது ரொம்ப சகஜம், பாதி பரம்பரை, மீதி கண்ணை கசக்குறது, அலர்ஜி, வெயில். இழுக்கும்போது ஊதா நிறம் இன்னும் அழுத்தமா தெரிஞ்சா அது ரத்த நாளமும் மெல்லிசு தோலும் சேர்ந்து காட்டுறது. பெரும்பாலானவங்களுக்கு மூணுமே கொஞ்சம் கொஞ்சம் கலந்துதான் இருக்கும். இதை தெரிஞ்சுக்காம க்ரீம் வாங்கினா பணம் வீண், நிழலுக்கு எந்த க்ரீமும் கிடையாது. உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய் வைக்குறதுல குளிர்ச்சிக்கு வீக்கம் கொஞ்ச நேரம் வடியும், பள்ளம் நிரம்பாது.

கண்ணாடி முன்னாடி நிக்கும்போதே இன்னொண்ணும் பாத்துடுங்க, இது முக்கியம். புருவத்தை தூக்காம, முறைக்காம, சாதாரணமா நேரா பாருங்க. கருவிழிக்கு மேல் விளிம்பை மேல் இமை ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மூடியிருக்கணும், எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். அப்படி மூடாம கருவிழிக்கு மேல வெள்ளை ஒரு கோடா தெரிஞ்சா, அதிர்ச்சியில பாக்குற மாதிரி முகம் இருந்தா, அது சதை குறைஞ்சதால இல்ல, தைராய்டு அதிகமா சுரக்குறப்ப இமை மேல ஏறிக்கும். அதோட நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, நல்லா சாப்பிட்டும் எடை இறங்குறதுன்னு இருந்தா உடனே பாக்கணும். தைராய்டால எடை இறங்குறதை டயட் பலன் குடுக்குதுன்னு நினைச்சு சந்தோஷமா இருந்தவங்களை நான் பாத்திருக்கேன், ஒரு அம்மாவுக்கு கண்ணு முன்னாடி தள்ள ஆரம்பிச்ச பிறகுதான் கண்டுபிடிச்சோம், அவங்க அதுவரைக்கும் கண்ணு அழகாயிடுச்சுன்னுதான் நினைச்சிருக்காங்க. அதே மாதிரி ஒரு பக்க கண்ணு மட்டும் உள்ள போன மாதிரி இருந்தாலோ ரெட்டையா தெரிஞ்சாலோ அது டயட் வேலை இல்ல, டயட் ரெண்டு பக்கமும்தான் குறைக்கும், அதுக்கு ஸ்கேன் வேணும். உங்க லெட்டர்ல ரெண்டும்னு எழுதியிருக்கீங்க, அது எனக்கு கொஞ்சம் ஆறுதல்.

டெஸ்டுன்னு பாத்தா தைராய்டு, மூணு மாச சுகர் அளவு காட்டுற ஹெச்பிஏ1சி, ஹீமோகுளோபினோட சேர்த்து முழு ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து இருப்பைக் காட்டுற ஃபெரிடின், பி12, வைட்டமின் டி, இதை உங்க ஊர் டாக்டர்கிட்ட சொல்லி எடுங்க. சொந்தக்காரங்க சுகரான்னு கேக்குறது மனசை கஷ்டப்படுத்தும், ஆனா தெரியாத சுகர்ல எடை இறங்குறது நம்ம ஊர்ல நிஜமாவே நடக்குறதுதான், ஒரு தடவை பாத்துட்டா கேக்குறவங்களுக்கு தைரியமா பதில் சொல்லலாம். கீழ் இமையை கீழ இழுத்து உள்பக்கம் பாருங்க, நல்ல சிவப்பா இருக்கணும், வெளிறி இருந்தா ரத்தம் கம்மி, ரத்தம் கம்மியா இருந்தா முகம் வாட்டமா தெரியும், கண்ணுக்கு கீழ கருப்பும் எடுப்பா தெரியும். அம்மாவுக்கு எந்த இடத்துல கேன்சர்னு எழுதல. அதை உங்க டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, 44 வயசுல மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் பாக்க வேண்டிய பரிசோதனை எப்படியும் இருக்கு. முகம் இப்படி இருக்குங்குறதுக்காக இல்ல, வயசுக்காகவும் அம்மாவுக்காகவும் பாக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்ச பிறகும் எடை தானா இறங்கிட்டே போனா, சாயங்கால காய்ச்சலோ ரெண்டு வாரத்துக்கு மேல இருமலோ இருந்தா, அப்ப தள்ளிப்போடாம போகணும்.

வயசுன்னதும் இதையும் சொல்லிடுறேன். 25 வயசுப் பொண்ணு 19 கிலோ குறைச்சா முகம் கூர்மையாகும், எல்லாரும் அழகாயிட்டேன்னு சொல்லுவாங்க, 44-ல குறைச்சா வியாதியான்னு கேக்குறாங்க, இதுல உங்க தப்பு எதுவும் இல்ல. 2009-ல அமெரிக்காவுல ஒரே மாதிரி இருக்குற இரட்டையர் 186 ஜோடியை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. நாப்பது வயசுக்கு கீழ குண்டா இருந்தவங்கதான் தன்னோட இரட்டையை விட வயசானவங்களா தெரிஞ்சாங்க, நாப்பதுக்கு மேல அது தலைகீழ், கொஞ்சம் சதை இருந்தவங்க இளமையா தெரிஞ்சாங்க. தோலை இழுத்துப் பிடிச்சு வைக்குற கொலாஜனும் எலாஸ்டினும் வயசாக ஆக குறையுது, மாதவிடாய் நிக்குற காலத்துல பொம்பளைங்களுக்கு இன்னும் வேகமா குறையுது, நீங்க அந்த வாசல்ல நிக்குறீங்க. தலகாணியில பஞ்சை எடுத்துட்டா உறை தானா சின்னதாயிடாதுல்ல. இளவயசு தோல் சீக்கிரம் சுருங்கி ஒட்டிக்கும், நம்ம வயசுல அதுக்கு மாசக்கணக்கா டைம் வேணும், நீங்க நாலு மாசத்துல எல்லாத்தையும் முடிச்சுட்டு அதுக்கு டைமே குடுக்கல.

சாப்பாட்டுக்கு வரேன். கிரீன் டீ, ஓட்ஸ் கஞ்சி, பழம், இதுல ஒரு நாளைக்கு பதினஞ்சு இருபது கிராம் புரோட்டீன் தேறினா அதிகம். உங்களுக்கு இப்ப கிலோவுக்கு 1.2 கிராமாவது வேணும்னு வச்சா 75 கிராம் வருது. சாதாரணமா இருக்குறவங்களுக்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கிலோவுக்கு 0.83 கிராம் சொல்லுது. புரோட்டீன் பத்தலன்னா உடம்பு கொழுப்போட சேர்த்து தசையையும் கரைக்கும், அது கை கால்ல மட்டும் இல்ல, முகத்துலயும் நடக்கும். ரெண்டு விரலை நெத்திப்பொட்டுல வச்சு பல்லை கடிச்சுப்பாருங்க, உள்ள ஒரு தசை எழும்பும், மெல்லுறதுக்கான தசை அது. அந்த தசை மெலிஞ்சாலும் அது மேல இருக்குற கொழுப்பு மெலிஞ்சாலும் நெத்திப்பொட்டு குழி விழும், புருவத்தோட வெளிமுனை இறங்கின மாதிரி ஆகி கண்ணு சோர்வா தெரியும். நிறைய பேர் கண்ணுக்கு கீழ மட்டும் பாத்து கவலைப்படுறாங்க, சோர்வா காட்டுறதுல பாதி வேலை இந்த பொட்டுக் குழியோடது.

அதனால காலையில அந்த கிரீன் டீயோட நிறுத்தாம ரெண்டு முட்டை, அது 12 கிராம், இல்லன்னா பயறு அடை, பெசரட்டு மாதிரி ஏதாவது. மதியம் சோறு கொஞ்சமா வச்சுட்டு பருப்பு கெட்டியா ஒரு கப், கீரை, தயிர், மீன் சாப்பிடுவீங்கன்னா நூறு கிராம் மீன்ல ஏறக்குறைய 20 கிராம் கிடைச்சிடும். சாயங்காலம் கொண்டக்கடலை சுண்டல் இல்ல ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ராத்திரி பன்னீரோ பருப்போ. கிட்னி பிரச்சினை இருக்கான்னு மட்டும் ஒரு ரத்தப் பரிசோதனையில பாத்துட்டு ஏத்துங்க. எண்ணெயை ஒரேயடியா ஒதுக்கிடாதீங்க, முருங்கைக்கீரை, கேரட்ல இருக்குற வைட்டமின் ஏ சத்து உடம்புல சேர கொஞ்சம் எண்ணெய் வேணும், அது குறைஞ்சா கண்ணு காயும், இருட்டுல பார்வை மங்கும். 63 கிலோவுல இப்போதைக்கு நில்லுங்க. உங்க உயரத்துக்கு இன்னும் ரெண்டு மூணு கிலோ குறைக்கலாம்தான், ஆனா இப்ப வேணாம், ஆறு மாசம் இதே எடையில இருங்க, அப்புறம் வேணும்னா வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல போகாம பாத்துக்கலாம். வாக்கிங்கோட வாரம் ரெண்டு மூணு நாள் எடை தூக்குற பயிற்சி சேருங்க. வெயில்ல போனா சன்ஸ்க்ரீன், கூலிங் கிளாஸ், கண்ணை கசக்காம இருக்குறது, இதெல்லாம் சின்ன விஷயமா தெரியும், ஆனா இருக்குற கொலாஜனை காப்பாத்துறது இதுதான். முகத்துக்கு மசாஜ், வாயில காத்து அடைச்சு ஊதுற பயிற்சியெல்லாம் கொழுப்பை திரும்ப கொண்டுவராது, கண்ணுக்கு கீழ அழுத்தி தேச்சா கருமை கூடத்தான் செய்யும்.

வீட்டுக்காரர் அன்போடதான் சொல்றார், எனக்கு புரியுது, ஆனா பழையபடி சாப்பிடாதீங்க. முகத்துக்கு மட்டும் எடை ஏத்த முடியாது, வயித்துலயும் இடுப்புலயும் ஏறிட்டுதான் முகத்துக்கு வரும், முட்டி வலியும் கூடவே வரும். ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி பண்ணினா தோல் இன்னும் தளரும். உங்க முகத்துல நல்லதும் நடந்திருக்கும், அதை நீங்க பாத்திருக்க மாட்டீங்க, கழுத்துப் பின்னாடி, நெத்திப்பொட்டு ஓரத்துல வெல்வெட் மாதிரி தடிச்ச கருப்பு முன்னாடி இருந்துச்சான்னு யோசிச்சுப்பாருங்க, அது இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அடையாளம், எடை குறைஞ்சா மெல்ல வெளுக்கும். குறட்டை குறைஞ்சிருக்கான்னு அவரையே கேளுங்க. அதிக எடையோட குறட்டை விடுற சில பேருக்கு மேல் இமை தளந்து தூக்கத்துல தலகாணியில உரசி காலையில கண்ணு சிவந்து பீளையோட எழுந்திருப்பாங்க, அது கூட எடை குறைஞ்சு தூக்கம் சரியானா நல்லாகும். குண்டா இருக்குற சின்ன வயசு பொம்பளைங்களுக்கு மூளைக்குள்ள நீர் அழுத்தம் ஏறி பார்வையே போற ஒரு நோய் இருக்கு, அதுக்கு நாங்க எழுதிக்குடுக்குற முதல் மருந்துல ஒண்ணு எடை குறைக்குறதுதான். நீங்க பண்ணினது கண்ணுக்கும் சேர்த்து நல்லதுதான்.

இப்ப பார்லர் விஷயம். இதுல நான் கறாரா சொல்றேன், போடாதீங்க, பார்லர்ல வேணவே வேணாம். கண்ணுக்கு கீழ, மூக்குப் பக்கம், புருவத்துக்கு நடுவுல ஓடுற ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போற ரத்தக் குழாயோட இணைஞ்சிருக்கு. ஊசி தவறி குழாய்க்குள்ள போய் ஃபில்லர் அடைச்சுட்டா சில நிமிஷத்துல பார்வை போகும், போனா பெரும்பாலும் திரும்பாது. இது அபூர்வம்தான், ஆனா எந்த டாக்டர் கையிலயும் நடக்கக்கூடியது, அப்ப உடனே ஹயலுரோனிடேஸ்ங்குற கரைக்குற ஊசி போட தெரிஞ்சவங்க, அது கையில வச்சிருக்குறவங்க பக்கத்துல இருக்கணும். நல்லபடியா போட்டாலும் மெல்லிசு தோலுக்கு அடியில மேலாக போட்டுட்டா நீலமா தெரியும், வீங்கி நிக்கும், அதை கரைக்குறதுக்காகவே என்கிட்ட வர்றவங்க இருக்காங்க. அதுக்கும் மேல, எடை இன்னும் நிலைக்காதப்ப போட்டா அளவே தப்பாகும். ஆறு மாசம் எடை நின்னு, சாப்பாடு சரியாகி, அதுக்கு அப்புறமும் பள்ளம் உங்களை வருத்துச்சுன்னா இமை பிளாஸ்டிக் சர்ஜரி படிச்ச கண் டாக்டரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பாருங்க. அப்ப ஃபில்லரா, உங்க கொழுப்பையே எடுத்து வைக்குறதா, இமைத் தோல் சர்ஜரியா, இல்ல எதுவுமே வேணாமான்னு பேசலாம். பாதி பேருக்கு நான் கடைசியில எதுவும் வேணாம்னுதான் சொல்லி அனுப்புறேன், ஏன்னா ஆறு மாசத்துல தோல் கொஞ்சம் ஒட்டி, கண்ணும் பழகி, முதல்ல வந்த பதட்டம் குறைஞ்சிருக்கும்.

இதை படிக்குற மத்தவங்களுக்காக நடுவுல ஒண்ணு. 2025-ல மவுஞ்சாரோ, வெகோவின்னு எடை குறைக்குற ஊசிகள் இந்தியாவுக்கு வந்ததுலருந்து இதே புகாரோட வர்றவங்க கூடிட்டாங்க, வெளிநாட்டுல இதே மாதிரி ஊசியான ஓஸெம்பிக் பேரை வச்சு ஓஸெம்பிக் ஃபேஸ்னே இதுக்கு பேர் வச்சுட்டாங்க. ஊசி முகத்தை தனியா ஒண்ணும் பண்ணல, வேகமா எடை இறங்குறதோட விளைவுதான். ஆனா சுகர் இருக்குறவங்க ஊசி ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி விழித்திரையை பாத்துடணும், ரத்தத்துல சுகர் சட்டுனு இறங்கினா ஏற்கனவே இருக்குற விழித்திரை பாதிப்பு முதல் சில மாசம் மோசமாகலாம். வெகோவி, ஓஸெம்பிக் ஊசியில இருக்குற செமாக்ளுடைட்ங்குற மருந்து எடுக்குறவங்கள்ல பத்தாயிரத்துல ஒருத்தர் வரைக்கும் கண் நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைபடலாம்னு ஐரோப்பிய மருந்து ஆணையம் 2025 ஜூன்ல சொல்லியிருக்கு, திடீர்னு ஒரு கண்ணுல பார்வை மங்கினா அன்னைக்கே போங்க.

உங்க கண்ணாடி வழுக்குறதை சின்ன விஷயமா விட்டுடாதீங்க. கண்மணிக்கும் கண்மணிக்கும் உள்ள தூரம் மாறாது, அதனால பவர் மாறிடுச்சுன்னு பயப்பட வேணாம், முகத்தோட அகலம்தான் குறைஞ்சிருக்கு, ஃப்ரேம் லூசாயிடுச்சு. 44 வயசுல நீங்க அனேகமா படிக்குறதுக்கும் சேர்த்து ப்ரோகிரஸிவ் லென்ஸ் போட்டிருப்பீங்க, ஃப்ரேம் ரெண்டு மூணு மில்லிமீட்டர் கீழ இறங்கினாலே படிக்குற பகுதி கீழ போயிடும், நாடியைத் தூக்கி படிப்பீங்க, கழுத்து வலிக்கும், கண்ணு சோர்வாகி அந்த சோர்வும் முகத்துல தெரியும். வாங்கின கடையிலயே மூக்குல உக்காருற பேடை கிட்ட வளைச்சு, காதுக்கு பின்னாடி வளைவை இறுக்கித் தருவாங்க, அஞ்சு நிமிஷ வேலை. புது ஃப்ரேம் வாங்குறதா இருந்தா கீழ் விளிம்பு கொஞ்சம் தடிமனா, அந்த பள்ளக் கோட்டு மேலயே வர்ற மாதிரி பாத்து எடுங்க, நிழல் நல்லாவே மறையும், என்கிட்ட வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

கல்யாண வீட்டுல கேட்டவங்களைப் பத்தி. டொராண்டோ பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு பண்ணினாங்க, சராசரி உயரம் இருக்குற பொம்பளை மூணரை கிலோ குறைஞ்சாலே முகத்தை பாக்குறவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிடுமாம். நீங்க 19 கிலோ குறைச்சு, பல மாசம் கழிச்சு ஒரே நாள்ல எல்லாருக்கும் முன்னாடி போய் நின்னிருக்கீங்க. தினம் பாக்குற உங்க வீட்டுல இந்த அதிர்ச்சி இருந்திருக்காது. இனிமே கேட்டா, டாக்டர்கிட்ட காட்டிட்டேன், முட்டி வலிக்காக நானா குறைச்சேன்னு சொல்லுங்க, அதுக்கு மேல யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

டெஸ்ட் ரிசல்ட்டோட ஒரு கண் டாக்டரை நேர்ல பாருங்க, விழித்திரை, கண் அழுத்தம் எல்லாம் 40 தாண்டினதுக்கு ஒரு தடவை பாக்க வேண்டியதுதான். போகும்போது போட்டோ எடுத்துட்டு போங்க, இமையைப் பத்தி பேச வர்ற யார்கிட்டயும் நான் பழைய போட்டோ கேக்காம இருக்க மாட்டேன். உங்க கல்யாண போட்டோ ஒண்ணு, 82 கிலோவுல எடுத்தது ஒண்ணு. கூடவே உங்க அம்மாவுக்கு வியாதி வர்றதுக்கு முன்னாடி, உங்க இப்போதைய வயசுல அவங்க எடுத்த போட்டோ வீட்டுல எங்கயாவது இருக்கும், தேடி எடுங்க. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி அதை நீங்க கண்ணாடி பக்கத்துல வச்சு, கண்ணையும் கன்ன எலும்பையும் மட்டும் உத்துப் பாருங்க.